நாலாவது டயரை நானே சீவினேன்

என் அருமைப் பிடிவாதக்காரன் தங்கவேலுக்கு,

ஜெயிச்சாச்சுடா மாப்ள. இதைச் சொல்லத்தான் கடிதம். சௌக்கியமா என்று உன்னைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குக் கிழக்கே அதே பழைய விமான ஓடுதளத்தில், நம்முடைய அதே வெள்ளைக் காரில், பத்துச் சுற்றுப் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். நான்கு சக்கரத்திலும் உன் டயர். புது டயரின் பள்ளத்தைச் சீவிக் குறைத்துவிட்டு ஓட்ட வேண்டும் என்று தலைகீழாக நின்றாயே, அந்த டயர். நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. நீ இல்லாமலும் போயிருக்கிறாய்.

இதை நம் பந்தயக்காரர்கள் ஆண்டு மலரில் போடுகிறார்களாம். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் அத்தை மகன் நீ. துடியலூரில் பழைய டயருக்குப் புது மேல்ரப்பர் ஒட்டுகிற ரீட்ரேடிங் கடை உன்னுடையது. நான் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினியர். காரில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. சண்டையிலும் அப்படித்தான்.

போன ஆடியில் பந்தயத்துக்கு முதல் நாள் நான்கு புது ரேடியல் டயர் வாங்கி மாட்டினேன். எட்டு மில்லிமீட்டர் பள்ளம். புது டயரின் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் முடிகூட உதிரவில்லை. நம் ஊரில் நல்ல காரியம் என்றால் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் புது வேட்டி, பந்தயத்துக்குப் புது டயர். நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கும் அதே புத்திதான். ரப்பர் அதிகம் என்றால் பிடிப்பும் அதிகம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

நீ குனிந்து, பள்ளங்களுக்கு நடுவே நிற்கிற ரப்பர்க் கட்டிகளைக் கட்டைவிரலால் அசைத்துக் காட்டினாய்.

"பாரு மாப்ள, ஒவ்வொண்ணும் ஆடற பல்லாட்ட நிக்குது. வளைவுல நெளியும். நெளிஞ்சா சூடாகும். சூடானா பிச்சுக்கும். கடைக்குக் கொண்டா, மிசின்ல குடுத்து மூணு மில்லிமீட்டருக்குச் சீவிப்போடலாம்."

"புது டயரைச் சீவறதா? கிறுக்கா உனக்கு?"

"தண்ணி போறதுக்குத்தான்டா பள்ளம். காஞ்ச ரோட்டுக்குப் பள்ளம் எதுக்கு?"

பதில் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். சத்தம் போட்டேன். பெங்களூர்க் குழு, சென்னைக் குழு, நம் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் கார் நிறுத்துகிற கொட்டகையில் நிற்க, "ஒட்டுப்போடற கடைக்காரன் எனக்குப் பாடம் எடுக்காதே" என்றேன்.

நீ திருப்பித் திட்டவில்லை. "செரிங்க இன்ஜினியர் சார். உங்க இஷ்டமுங்க" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்று கூப்பிட்டவன். நம் ஊரில் மரியாதை கொடுத்தே ஒருவனைத் தூர நிறுத்திவிடலாம். அன்றைக்கு நீ நிறுத்தினாய்.

மறுநாள் ஐந்தாவது சுற்றில் முன் இடது டயர் பிய்ந்தது. ரப்பர் துண்டு துண்டாகப் பறந்தது, ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை, வைக்கோல் கட்டுக்குள் போய் நின்றேன். காரைத் தள்ள முதலில் வந்தவன் நீதான். நான் சொன்னேனே என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். கிரிக்கெட் பேசினோம், கம்பெனி போனஸ் பேசினோம். டயரைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன் அதற்கு மட்டும் ஏன் காத்திருந்தேன்?

மாசியில் அத்தை கடைக்கு வரச் சொன்னார். கடையை இப்போது அத்தைதான் நடத்துகிறார், உனக்குத் தெரியுமா? முதல் மாதம் கல்லாவில் உட்கார்ந்தார், இரண்டாம் மாதம் மிஷினில் கை வைத்துவிட்டார். லாரிக்காரர்கள் உன்னிடம் பேசின பேரம் எதுவும் அவரிடம் நடப்பதில்லை.

கடைக்குப் பின்னால் சாக்குப் போர்த்தி நான்கு டயர் இருந்தது. நம் கார் அளவு. சாக்கை விலக்கினேன். மூன்று டயர் சீவி முடித்து, பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தாய். முன் வலது. பின் இடது. பின் வலது. பின் டயர் இரண்டிலும் 'காத்து 34' என்று வேறு. ஆழம் அளக்கிற கேஜை வைத்துப் பார்த்தேன். எங்கே அளந்தாலும் மூன்று மில்லிமீட்டர். நாலாவது மட்டும் ரப்பர் முடியோடு அப்படியே இருந்தது.

நான் திட்டின பிறகு சீவியிருக்கிறாய். எப்போது? கண் மஞ்சளாவதற்கு முன்னாலா, பின்னாலா? நாலாவதை ஏன் விட்டாய்? முடியாமல் போனதா, நான் வந்து கேட்கட்டும் என்று விட்டாயா?

அத்தை பின்னால் நின்றிருந்தார். "இதென்ன கண்ணு, புது டயரு மூணு தேஞ்சு கெடக்குது? என்ற பையனை எவனோ ஏமாத்திப்போட்டானாட்ட இருக்குது."

"தேஞ்சதில்லீங்க அத்தை. வேணும்னே சீவினதுங்க. இப்படிச் சீவினாத்தான் பந்தயத்துல நிக்கும்னு அவன் சொன்னானுங்க. நான்தான் கேக்கலீங்க."

"கேக்காம?"

"எல்லார்த்து முன்னாலயும் திட்டிப்போட்டேனுங்க."

அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். நாலாவது டயரை உருட்டிக்கொண்டு போய் மிஷினில் ஏற்றிக் காற்றடித்து, சுவிட்சைப் போட்டார். "வந்து புடி. நிறுத்துன்னா நிறுத்தோணும்."

பிடித்தேன். கடை முழுக்கக் கருப்புத் தூள், எரிந்த ரப்பர் வாசம். அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக எடுக்க வேண்டியதை நான் ஒரே அழுத்தாக அழுத்த, அத்தை என் புறங்கையில் ஒன்று வைத்தார்.

"டயரென்ன தேங்கா மூடியா, துருவறதுக்கு? அவசரக்குடுக்கை."

ஒரு மணி நேரம் ஆயிற்று. முன் இடது. நம் தளத்தில் வளைவெல்லாம் வலது பக்கம் என்பதால், அதிக பாரம் தாங்குகிற சக்கரம் அதுதான். அதைத்தான் எனக்கு மீதி வைத்திருந்தாய். நீ சீவினது மாதிரி வழவழப்பாக வரவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேஜ் மூன்றுதான் காட்டியது. வைத்திருந்த ரப்பர் கெட்டிப்பட்டிருக்குமோ என்று நான்கையும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நிழலில் வைத்திருந்தாய், கெடவில்லை.

அப்போதே முடிவு செய்தேன். உன் படத்துக்கு முன்னால் தனியாக நின்று மன்னிப்புக் கேட்பது சுலபம். திட்டினது நாலு பேர் முன்னால், அதே நாலு பேர் முன்னால்தான் வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு இந்த டயர் ஜெயிக்க வேண்டும். தோற்றுவிட்டு நீ சொன்னது சரி என்று நான் மைக்கில் சொன்னால் எவன் நம்புவான்?

பந்தயத்தன்று அத்தையும் வந்தார், நான்கு எலுமிச்சம்பழத்தோடு. சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டுமாம். இந்த டயரில் ஒரு சொட்டுச் சாறும் படக்கூடாது என்று கத்தினேன். "கத்தாதே சாமி" என்று சொல்லிவிட்டு, காரை ஏற்றி வந்த டெம்போவுக்கு அடியில் வைத்து அதை நசுக்கச் செய்தார். டெம்போ இதுவரை எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை.

அப்புறம் மேற்கே கருத்தது. மலை தெரியாத அளவுக்குக் கருமேகம். பெங்களூர்க்காரர்கள் எல்லாரும் பள்ளம் ஆழமான டயருக்கு மாறினார்கள். பக்கத்துக் கொட்டகைச் சிவப்புக் கார்க்காரன் என் டயரைத் தடவிப் பார்த்து, "மழை வரும் பிரதர். இதுல போனீங்கன்னா நேரா தென்னந்தோப்புதான்" என்றான். பொய்யில்லை. மழை வந்தால் மூன்று மில்லிமீட்டர் தண்ணீரில் மிதக்கும். முழுப் பள்ளத்தோடு நான்கு சக்கரங்கள் எங்களிடமும் தயாராக இருந்தன. மாற்றப் பதினைந்து நிமிடம் இருந்தது. என் கையில் ஸ்பேனர்.

அத்தை நெற்றிக்குக் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "மேகம் நிக்குதா, ஓடுதா பாரு."

"ஓடுதுங்க."

"அப்பறமென்ன? மேக்கால வாளையார்ப் பக்கமே கொட்டித் தீத்துப்போட்டு, இங்க காலிக் கொடமா ஓடிவருது. வருசா வருசம் ஆடியில துணி காயப்போடறவ சொல்றேன். ஸ்பேனரை வெச்சுப்போட்டு வண்டியில ஏறு."

ஏறினேன். இந்த முறை வாதம் செய்யவில்லை.

மூன்றாவது சுற்றில் கண்ணாடியில் துளி விழுந்தது. ஒன்று, இரண்டு, ஆறு. வைப்பரைப் போட்டால் பயந்ததாக ஆகும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம், போடவில்லை. நாலாவது சுற்றில் காற்று அந்தத் துளிகளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. தளம் காய்ந்தே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் வளைவில் அகலமாக வழுக்கிக்கொண்டு போக, நம் கார் சொன்ன இடத்தில் திரும்பியது. ஒவ்வொருவராகப் பின்னால் விட்டேன். எட்டாவது சுற்றில் எனக்கு முன்னால் சிவப்புக் கார் மட்டும்தான். தட் தட்டென்று என் கண்ணாடியில் ஏதோ கருப்பாக அடித்தது. அவன் டயர் பிய்ந்து வருகிறது. போன வருஷத்து நானே எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்! ஒன்பதாவது சுற்றில், ஓரத்தில் காலி டிரம் வைத்த வளைவில் உள்பக்கமாக நுழைந்து தாண்டினேன். வாய்விட்டுக் கத்தினேன், உன் பெயரை.

கொடி விழுந்து வந்து நிறுத்தியதும் அத்தை முன் இடது டயரில் கை வைத்து, "அம்மாடி, தோசைக்கல்லாட்ட சுடுது" என்று எடுத்தார். மறுபடியும் வைத்தார். ஒரு இடத்தில்கூடப் பிய்யவில்லை. எலுமிச்சம்பழத்தால்தான் ஜெயித்தோம் என்று டெம்போ டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கோப்பையைக் கையில் கொடுத்ததும் நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"போன வருஷம் இதே இடத்துல தங்கவேலை ஒட்டுப்போடற கடைக்காரன்னு சொன்னேன். கேட்டவங்க இங்க இருக்கீங்க. இந்த டயர் அவன் சொன்ன டயர். மூணு அவன் சீவினது. எனக்குப் பாடம் எடுத்தவன் அவன்தான்."

சத்தமாகத்தான் சொன்னேன். திட்டினதைவிடச் சத்தமாக. அத்தை கைதட்டவில்லை, டயரிலிருந்து கையை எடுக்கவுமில்லை.

இந்த வாரம் மூன்று குழுக்கள் துடியலூருக்கு வந்துவிட்டன, சிவப்புக் கார்க்காரன் முதல் ஆளாக. "ரெண்டு மில்லிமீட்டருக்குச் சீவித் தாங்க" என்று கேட்டானாம். "மூணுக்குக் கீழ சீவ மாட்டேனுங்க. என்ற பையன் அளவு அது" என்று அத்தை சொல்லிவிட்டார்.

ஒன்று பாக்கி. பின் டயரில் காற்று முப்பத்தி நான்கு என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் கேட்கவில்லை, புத்தகத்தில் உள்ளபடி இருபத்தி எட்டுதான் வைத்தேன். கடைசி வளைவில் முன்பக்கம் கொஞ்சம் வெளியே இழுத்தது. அதற்கும் நீ ஏதோ காரணம் வைத்திருப்பாய். அடுத்த பயிற்சி நாளில் முப்பத்தி நான்கு வைத்து ஓட்டுவேன். கத்தாமல், முகம் சுளிக்காமல், பத்துச் சுற்றும் முழுதாக ஓட்டிப் பார்ப்பேன். சரியாக வந்தால் மறுபடி மைக்கைப் பிடுங்குவேன். தப்பாக வந்தால் யாருக்கும் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்வேன். சத்தியம்.

இனி என்னை 'ங்க' போட்டுக் கூப்பிடாதே.

வாடா போடாவுக்கு மட்டுமே உரியவன்,
உன் மாமன் மகன்
சுந்தரம்