நான் வா என்று சொன்னால்

மண்டி மொஹல்லா, மைசூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் அண்ணன் உமேஷ் மூவரும் சுகம். அதிலும் நான் நல்ல சுகத்தோடு இருக்கிறேன், போன வாரம்தான் தெருமுனை கிளினிக்கில் பி.பி.யும் சுகரும் பார்த்துக்கொண்டேன், இரண்டும் சரியாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏன் என்று கீழே எழுதுகிறேன். அங்கே சண்டிகரில் குளிர் ஆரம்பிக்கப் போகிறது, ஈரத்தலையோடு வார்டுக்குப் போகாதே, சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, முட்டையாவது வாங்கிச் சாப்பிடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் இப்போது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும் என்று ஆகிவிட்டது, மெசேஜ் அனுப்பவேண்டுமானால் உமேஷிடம்தான் சொல்லவேண்டும். இவர்கள் இருவருக்கும் கன்னடம்தான் படிக்க வரும். தாளவாடிப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழை உன்னை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், மைசூரில் இது எந்தச் சந்தையில் விலைபோகும் என்று அப்போது உன் அப்பா சிரித்தார். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பதற்காகப் பெரிது பெரிதாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

விஜயநகர் வேலாயுதம் வீட்டுச் சம்பந்தம் சும்மா பேச்சுதான், உன் படிப்பு முடியட்டும் என்று அப்பா உன்னிடம் சொன்னார் அல்லவா, அது சும்மா பேச்சு இல்லை. போன மாதமே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்துவிட்டார், என்னைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையில் கல்யாணம் என்கிறார்கள். அப்பா நிலைமை உனக்குத் தெரியும், முழங்கால் போன பிறகு சாரத்தில் ஏற முடியாதவரை வேலாயுதம்தான் தன் கட்டட வேலைகளில் மேற்பார்வைக்கு வைத்திருக்கிறார், அவர் ஒன்று கேட்டால் இவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. பையன் மனோஜ்குமாரை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல பிள்ளை, அவன் அப்பா எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறான், எனக்குப் பயமே அதுதான்.

போன வியாழக்கிழமை வீடு பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாடி, கார் எல்லாம் இருக்கிற வீடு. பையனுடைய அம்மா ஆண்டாள் இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருப்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, உன் அப்பா மறைத்துவிட்டார். உனக்குச் சமையல் தெரியுமா, பொறுமையான பெண்ணா என்று வேலாயுதம் ஒன்றும் கேட்கவில்லை. ஆளைத் தனியாகப் புரட்டிப் போடுவாளா, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவாளா, ராத்திரியில் மணி அடித்தால் எழுந்துகொள்வாளா என்றுதான் கேட்டார். வேலைக்கு வைத்த ஆயாக்கள் யாரும் நிலைக்கவில்லையாம். டிப்ளமோ முடித்து நர்சாகிவிட்டவளுக்கு மேற்கொண்டு இரண்டு வருஷம் என்ன பி.எஸ்சி. படிப்பு, நிறுத்திவிட்டு வரட்டும், எங்கள் வீட்டிலேயே பிராக்டிஸ் பண்ணலாம் என்று சிரித்தார், உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். உங்களுக்கென்று புதிதாகப் பெயின்ட் அடித்த அறையைக் காட்டினார்கள். அதற்குத் தனி வாசல் இல்லை, அந்த அம்மா கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியும். நோயாளியின் புண்ணை மட்டும் பார்க்கக்கூடாது, தூங்குகிறாரா, எதற்குப் பயப்படுகிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முழு ஆளையும் பார்க்கவேண்டும், அதுதான் இங்கே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று நீ ஒருநாள் போனில் சொன்னாய். அந்த வீட்டில் யாரும் உன்னை முழு ஆளாகப் பார்க்கவில்லை கண்ணு, உன் இரண்டு கைகளை மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஆண்டாள் மேல் எனக்குக் கோபமே இல்லை. மற்றவர்கள் மாடியைப் பார்க்கப் போனபோது தண்ணீர் கேட்டாள், தலையைத் தூக்கிப் புகட்டினேன். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னயத் தூக்கறதுக்குன்னே ஒரு புள்ளையக் கொண்டாந்து இங்க அடைச்சு வெக்கோணுமாக்கா? நா ஒருத்தி அடைஞ்சு கெடக்கறது பத்தாதா? நா சொன்னா இவங்க கேக்க மாட்டாங்க, நீங்களாச்சும் வேண்டாம்னு சொல்லீருங்க" என்றாள். நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். என் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடும் என்று பாவம் அவள் நினைக்கிறாள்.

சொல்லிப் பார்த்தேன், சொல்லாமல் இல்லை. உன் மகளுக்காக நான் மறுபடியும் சாரத்தில் ஏறி விழட்டுமா என்று அப்பா கேட்டார். அவரும் பாவம்தான், அதற்காக அவர் முழங்காலுக்கு உன்னைக் கட்டாகப் போட முடியுமா. உமேஷ் எனக்கெதற்கு வம்பு என்கிறான். கோபித்துக்கொண்டு போகலாம் என்றால் போவதற்கு எனக்கு ஓர் இடம் கிடையாது. இந்த இரண்டு அறைக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன், அவர்கள் வந்துவிட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். படிப்பை விட்டுவிட்டு வா என்றால் நீ வரமாட்டாய் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் எனக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று உனக்குப் போன் பண்ணப் போகிறார்கள். அம்மாவுக்கு என்றால் அடுத்த ரயிலிலேயே ஓடிவருவாள் என்று என் எதிரிலேயே அப்பா சொன்னார். வந்துவிட்டால் திருப்பி அனுப்பமாட்டார்கள். நீ நம்பாவிட்டால் போனை என்னிடமே கொடுப்பார்கள், நானும் முனகிக்கொண்டு பேசுவேன், வா கண்ணு, உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது என்று சொல்வேன். அவர் பக்கத்தில் நிற்கும்போது வேறு எப்படிப் பேசுவது. அழவும் அழுவேன், அந்த அழுகை நடிப்பாக இருக்காது, உன்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் நீ வராதே. காலேஜில் லீவு தரவில்லை என்று சொல்லிவிடு, திட்டினால் திட்டட்டும். தீபாவளிக்கும் வராதே. இதற்குப் பதில் எழுதாதே, படித்துவிட்டுக் கிழித்துப் போடு. கடிதம் கிடைத்தது என்று எனக்குத் தெரிவதற்காக அடுத்த தடவை போனில் ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன்.

சாமுண்டியம்மன் உன் கூடவே இருந்து காப்பாற்றுவாள், நன்றாகப் படித்து, நல்லபடியாகப் பரீட்சை எழுதி, நீ நினைத்தபடி இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா, நிஜமாகவே உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று நீ கேட்பாய், நர்சுக்குப் படிக்கிற பிள்ளை கேட்காமல் இருக்கமாட்டாய். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், கண்டுபிடிக்க வழி இல்லை. கடைசிப் பரீட்சையை நீ எழுதி முடிக்கிறவரை, எனக்கு என்ன ஆனது என்று யார் சொன்னாலும், அது பொய் என்றே வைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
கௌரம்மா