நான் மட்டும் ஒத்துக்கொள்ளாத வடிவம்

ஜெனீவா, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு மிரான் வணங்கி எழுதுவது. மோக்போவில் குளிர் விட்டதா? முழங்கால் வலி தேவலையா?

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் தங்கள் கருவிகளை ஒரே கோப்பு வடிவத்தில் விவரித்து எழுத வேண்டும். அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குத்தான் எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியிருக்கிறது. நேற்று ஒரு பெரிய நிறுவனம், தன் மென்பொருள் மட்டுமே படிக்கக்கூடிய வடிவத்தை நீட்டியது. நான் எதிர்த்தேன்.

"எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மல்லுக்கு நிக்கிறீங்க" என்றார் கூட்டத் தலைவர்.

"ஒருத்தி மாட்டேங்கிறப்ப, ஒருமனதா முடிவாச்சுன்னு எப்படிங்க எழுதுவீங்க?" என்றேன்.

முடிவு இன்றைக்குத் தள்ளிப்போனது. தலைவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி சியோலிலிருந்து எங்கள் மேலாளர் பேசினார். கேட்கவில்லை.

வறுத்த கடற்பாசி கொஞ்சம் அனுப்புங்கள். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, அறையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

கூப்பிடுகிறார்கள். இன்றும் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

உங்கள் மகள்,
மிரான்