கிரேடுகளில் இருந்த பெயர்

ஜூலை 1, 2025 — செவ்வாய்

பாலக்கோடு நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகளுக்கும் வாய்தா கிடைத்தது. மதியம் மாரண்டஹள்ளியிலிருந்து ராணியம்மாள் அழைத்தார்.

"வக்கீலய்யா, ஆடி பொறக்க இன்னும் பதினாறு நாள்தான் இருக்குது. அதுக்குள்ள முடிங்க. உட்டா ஆவணிக்குப் போயிரும். ஆவணியில நீங்க வேற ஏதாச்சும் யோசிப்பீங்க."

மறுப்பதற்கில்லை. மலர்விழியை மணந்துகொள்வது என்று முடிவெடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அத்தனை நாளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்பத்திரண்டு வயது வரை தனியாக இருந்தவனுக்கு அவசரம் பழக்கமில்லை. ஆயினும் நாள் குறித்தாயிற்று: பதின்மூன்றாம் தேதி, ஞாயிறு. மண்டபங்கள் எதுவும் காலியில்லை; காலியாக இருந்தாலும் மலர்விழி வேண்டாம் என்கிறாள். அறுபது பேர், இரண்டு மாலை, ஒரு வேளைச் சாப்பாடு. எல்லாம் நாமே செய்துகொள்வது. இடம், ராணியம்மாள் வீட்டுக் களம்.

ராணியம்மாள் மலர்விழியின் தாய் அல்ல, மாமியார். அவளுக்குப் பெற்றோர் இல்லை. ராணியம்மாளின் மகன் குரு ஆறு ஆண்டுகளுக்கு முன் தக்காளி ஏற்றிப்போன மினிலாரி கவிழ்ந்து இறந்தார். அதற்கான இழப்பீட்டு வழக்கை நடத்தியவன் நான். தீர்ப்பு வந்து ஓராண்டு கழிந்த பிறகே அவளிடம் என் எண்ணத்தைச் சொன்னேன் என்பதையும் பதிவு செய்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

இறந்தவரின் வீட்டில் என் திருமணம். சட்டத் தடை ஏதுமில்லை.

ஜூலை 3 — வியாழன்

களத்தைப் பார்க்கப் போனேன். கொட்டகையில் தக்காளி ஏற்றும் மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிகள், நாற்பது கிரேடுகள், அடுக்கியிருந்தன. ராணியம்மாள் அவற்றைத் தக்காளி விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். குருவின் நண்பர் சென்றாயன்தான் இப்போது அந்த மினிலாரியை ஓட்டுகிறார். கல்யாண வேலையையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மேடைக்குக் கவலையே இல்ல சார். கிரேட கவுத்துப் போட்டு மேல பலக வெச்சா யான ஏறினாலும் தாங்கும். மிச்சத்துல சனம் குந்திக்கும். குரு வாங்கினது, அத்தனையும் ஒசத்திச் சரக்கு."

ஒவ்வொரு கிரேடின் பக்கவாட்டிலும் நீலப் பெயிண்டில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறது. பெரிய, உருண்டையான எழுத்துகள். குரு. குரு. குரு. நாற்பது தடவை. எழுதியவர் தம்மைப் பற்றி எந்த ஐயமும் இல்லாதவர் என்று தோன்றியது.

அவற்றின் மேல் நின்றுதான் நான் மாலை மாற்ற வேண்டும்.

ஜூலை 4 — வெள்ளி

ஒரு தடவைகூடப் பார்த்திராத மனிதர் மீது இவ்வளவு பொறாமை வருமா? வருகிறது.

ஜூலை 6 — ஞாயிறு

சமையல் பட்டியல் போட உட்கார்ந்தோம். சாம்பார் என்றேன். ராணியம்மாள், "குருவுக்கு அவரப் பருப்புக் கொழம்புன்னா உசுரு. அதயே வெப்பம், சனமும் விரும்பும்" என்றார். மலர்விழி தலையாட்டினாள். தான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கென்று வாங்கிய வண்ணத் தாள்களில் மீந்தவற்றைத் தோரணமாக வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் ஒரு கணமும் நிற்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் அவள் கை நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எனக்கு எப்போது வந்தது?

திருமணப் பதிவுக்கு முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ் தேவை. கேட்டேன். ராணியம்மாள் பீரோவைத் திறந்து, லேமினேட் செய்த தாளைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

"இத நீங்க முன்னயே ரெண்டு தபா வாங்கிப் பாத்தீங்களே?"

உண்மை. மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறேன். எதை உறுதி செய்துகொள்ள?

வீட்டுக்கு வந்து பழைய வழக்குக் கட்டை எடுத்தேன். மனுவின் ஏழாவது பத்தி: "மேற்படி குரு அன்பான கணவராகவும், கடும் உழைப்பாளியாகவும், ஊரார் அனைவரின் நன்மதிப்பைப் பெற்றவராகவும் விளங்கினார்." எழுதியவன் நான். ஒரு சொல்லைக்கூட எதிர்த்தரப்பால் அசைக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

ஜூலை 8 — செவ்வாய்

வெள்ளைத் துணி நாற்பது மீட்டர் எடுத்துப் போனேன். மேடையைச் சுற்றிலும் கட்டினால் கிரேடுகள் மறைந்துவிடும் என்று கணக்கு.

"எதுக்குங்க துணி?" என்றாள் மலர்விழி. "தோரணம் இருக்குது, சாமந்தி வருது. மஞ்சக் கிரேடுக்கு மேல அதெல்லாம் எவ்ளோ எடுப்பா இருக்கும்!"

"பெயர் தெரியுமே."

"தெரிஞ்சா என்ன?"

துணி பந்திக்கு விரிக்கப் போய்விட்டது.

ஜூலை 10 — வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மலர்விழியும் ராணியம்மாளும் சேலை எடுக்கத் தருமபுரிக்குப் போயிருந்தார்கள். பந்தல் அளவு எடுப்பதாகச் சொல்லிக் களத்துக்குப் போனேன். பையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஒரு டப்பாவும் பழைய பனியன் துணியும் இருந்தன. அதாவது, அளவு எடுப்பதற்காகப் போகவில்லை. முன்திட்டம் இருந்தது.

பிளாஸ்டிக்கிலிருந்து பெயிண்ட் எளிதில் வந்தது. முதலில் மேடைக்கு உரியவை மட்டும் என்று நினைத்தேன். பிறகு அடுத்தவை. பனியன் நீலமாயிற்று. இருபத்திரண்டாவது முடிந்தபோது பேருந்துச் சத்தம் கேட்டு நிறுத்தினேன். அழித்த பக்கங்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அடுக்கிவிட்டு வந்தேன்.

யாருக்கும் நஷ்டமில்லை. பெயிண்ட்தான். கிரேடுகள் அப்படியே இருக்கின்றன.

ஜூலை 11 — வெள்ளி

நஷ்டம் இருக்கிறது.

விடியற்காலை இருட்டில் சென்றாயன் நாற்பது கிரேடுகளிலும் தக்காளி ஏற்றி மண்டிக்குப் போயிருக்கிறார். காலிக் கிரேடுகள் மதியம் திரும்பிவரும். நாளை மேடை கட்டலாம் என்று ஏற்பாடு. பதினெட்டு மட்டுமே வந்தன. மண்டியில் காலிக் கிரேடுகளை ஒரே குவியலாகக் கொட்டி, மேலே உள்ள பெயரைப் பார்த்துப் பிரித்து அனுப்புவார்களாம். பெயரில்லாதவை எவர் கைக்குக் கிடைக்கிறதோ அவருக்கு. ஆறு ஆண்டுகளாக அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைக்கிறது என்று தெரிந்தும் இதை ஒருநாளும் கேட்டறியாதவன் நான்.

மாலை மலர்விழி அழைத்தாள். கொட்டகை மூலையில் நீலப் பனியன் துணி கிடந்ததாம்.

"நீங்களா?"

"ஆம்."

"ஏன்?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவரு எழுதினதுன்னு நெனச்சீங்களா? அவருக்கு எழுத்தே கோணக் கோணயா வரும். கல்யாணமான வருசம் நான் உக்காந்து எழுதினது அத்தனையும். என் எழுத்துங்க அது."

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். "அதப்பத்தி இப்ப பேசாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

என்ன காரியம் செஞ்சேன்? அவ எழுத்த... அவ எழுத்தையே கண்டுபிடிக்கத் தெரியாதவன், அவளக் கட்டிக்க என்ன யோக்கியத இருக்குது எனக்கு?

ஜூலை 12 — சனி

காலை ஆறு மணிக்கு மண்டியில் இருந்தேன். கணக்கரிடம் விவரம் சொன்னேன்.

"உங்க கிரேடுன்னு என்னா சார் ஆதாரம்?"

பதினெட்டு ஆண்டுகளாக மற்றவர்களிடம் நான் கேட்டுவரும் கேள்வி. ஆதாரத்தை நானே அழித்திருந்தேன்.

"தின்னர் வாசனை வரும். ஓரத்தில் நீலம் தீற்றியிருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மோந்து பாத்து எடுத்துக்கோங்க."

மோந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையுடன், நூற்றுக்கணக்கான கிரேடுகளில் ஒவ்வொன்றாக மூக்கை வைத்தேன். அழுகிய தக்காளி வாடையில் தின்னரைப் பிரித்தறிவது எளிதல்ல. என் கட்சிக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வந்து, பார்த்து, வணக்கம் சொல்லாமல் போனார். பத்து மணிக்குள் பத்தொன்பது கிடைத்தன. மூன்று போனது போனதுதான்.

களத்தில் உட்கார்ந்து, நீலப் பெயிண்டால் பெயரை மறுபடி எழுதத் தொடங்கினேன். மிச்சமிருந்த பதினெட்டில் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த உருண்டை எழுத்தைப் பார்த்துப் பார்த்து. ராணியம்மாள் டீ கொண்டுவந்து கீழே வைத்தார்.

"போய்ச் சேந்த புள்ள மேல உங்களுக்கு என்னய்யா கோவம்?"

"கோபமில்லை, அம்மா. பொறாமை."

அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "அவனும் அப்பிடித்தான். இவகிட்ட பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் யாராச்சும் சிரிச்சுப் பேசினா ரெண்டு நாளு சோறு திங்க மாட்டான்" என்றுவிட்டு உள்ளே போனார்.

முதல் முறையாக ஏழாவது பத்தியில் இல்லாத ஒரு செய்தி.

மலர்விழி வந்தது எனக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்து இன்னொரு பிரஷ்ஷை எடுத்தாள். நான்காவது கிரேடை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டிருக்கலாமில்ல?"

"எதை?"

"அவர மறந்துட்டியான்னு. மறக்கலன்னு சொல்லியிருப்பேன். சொன்னா யோசிக்கறதுக்கு உங்களுக்கு இன்னொரு ஒன்றர வருசம் ஆயிருக்கும்." பிரஷ்ஷைத் தோய்த்தாள். "மறக்கலங்க. மறக்கவும் மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா நாளைக்கு வாங்க. இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, பூக்காரருக்குப் போன் பண்ணணும்."

"வருகிறேன்" என்றேன். யோசிக்கவில்லை.

ஜூலை 13 — ஞாயிறு

இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவு கூறும் வண்ணம், உற்றார் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், "உங்களை என் கணவராக ஏற்கிறேன்" என்று மலர்விழி சொன்னாள். என் முறை வந்தபோது, ஆயிரம் முறை மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. "சொல்லுங்க சார், எதிர்த்தரப்பு வக்கீல் யாரும் இல்ல" என்றார் சென்றாயன். சொன்னேன். சாமந்தி மாலை மாற்றிக்கொண்டோம்.

மூன்று கிரேடு குறைந்ததால் மேடை ஒரு பக்கம் சிறுத்திருந்தது. இரவு தூறல் விழுந்ததில் பெயிண்ட் காயவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்து எழுந்தபோது என் வேட்டியின் பின்பக்கம், கெண்டைக்கால் அருகே, அந்தப் பெயர் திருப்பிப் போட்டதுபோல ஒட்டியிருந்தது. களமே சிரித்தது.

"பாருங்கடா, குரு மாப்ளய உட்டு நகர மாட்டேங்கறான்!" சென்றாயன் கத்தினார். சிரித்துக்கொண்டே திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரைப் பருப்புக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 17 — வியாழன், ஆடி முதல் நாள்

காலை எட்டு மணிக்குத் தருமபுரியில் என் வீட்டு வாசலில் ராணியம்மாள் நின்றார். கையில் தட்டு; வெற்றிலை, பழம், ஒரு புதுச் சேலை.

"புதுப் பொண்ணு ஆடியில புருசன் வூட்ல இருக்கக் கூடாதுங்க மாப்ள. தாய் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மாப்பிள்ளை. இதுவரை வக்கீலய்யா.

"எந்தத் தாய்..." என்று தொடங்கினேன். மலர்விழி ஏற்கெனவே பையைக் கட்டி வைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

பேருந்து நிலையம் வரை பையைச் சுமந்துபோனேன். அதே வீடு, அதே களம், கொட்டகை நிறைய அதே பெயர். நான்கு நாட்களுக்கு முன்புவரை அது அவளுடைய கணவன் வீடு. இன்று பிறந்த வீடு. இப்படி மாற்றித் தர எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. ஒரு தட்டும் வெற்றிலையும் அதைச் செய்துவிட்டன.

"பதினெட்டாம் பெருக்குக்கு வந்துருங்க மாப்ள, கோழி அடிக்கறேன்" என்றார் சன்னல் வழியாக. பக்கத்தில் மலர்விழி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அந்தத் தோளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இல்லையென்று எழுதினால் பொய்ச்சாட்சி.

மாலையில் கல்யாண வேட்டியை எடுத்துத் துவைத்தேன். இரண்டு முறை. நீலம் மங்கியிருக்கிறது, போகவில்லை. அலமாரியில் தின்னர் இன்னும் அரை டப்பா இருக்கிறது.

கொடியில் காயப் போட்டிருக்கிறேன். பெயர் வெளிப்பக்கம் தெரிகிறது.