பரமசிவம் வெல்டிங்

பூன் லே, சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சுதா அக்காவுக்கு,

இர்ஃபான் எழுதுகிறேன். இங்கே ஃபர்சானாவும் பிள்ளைகளும் நலம். பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும். ஐயாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? இரண்டு முறை போன் செய்தும் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

எழுபத்தொன்றில் செய்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. அன்று அந்தக் காரைச் செய்வித்த முதலாளியின் மகன், கண்காட்சிக்காக அதைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓட்டியவர் அதில் இறந்த பிறகு யாரும் தொடவில்லையாம். முறிந்த பாகங்கள்கூட ஒரு சாக்கில் அப்படியே கிடந்தன.

தகட்டைக் கழற்றியதும் அசந்துபோனேன், அக்கா. உள்ளே மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆன கூடு. ஓட்டுநரின் தோள் அளவுக்கே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், கால்களின் இருபுறமும் பெட்ரோல் தொட்டி. அவர் உயிர் அந்தக் குழாய்களின் இணைப்புகளை நம்பித்தான் இருந்திருக்கிறது. ஒவ்வோர் இணைப்பும் மீன் செதில் போல வரிசையாக, ஒரே சீராக இருந்தது. இப்படி ஒரு வெல்டிங்கை நான் பார்த்ததில்லை.

கண்காட்சிப் பலகைக்கான வாசகமும் கூடவே வந்தது. 'வெல்டர் வி. பரமசிவத்தின் பிழையான இணைப்பு விட்டுப்போனதால் விபத்து' என்று எழுதி, ஐயாவின் பழைய படத்தையும் போட்டிருந்தார்கள். அந்தப் பரமசிவம் நம் ஐயாதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பதினோரு வருடம் பக்கத்து வீடு. உங்கள் அப்பாவை ஐயா என்றே அழைத்ததால் பெயர் கேட்கத் தோன்றவில்லை. பேருந்து கழுவும் வேலை பார்த்தவர் என்று மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் மோசமான இணைப்புக்குப் பெயரே 'பரமசிவம் வெல்டிங்'. ஒருமுறை உங்கள் வீட்டிலேயே அதைச் சொல்லிச் சிரித்தேன். ஐயா தேநீரை வைத்துவிட்டு அறைக்குள் போனார். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

சாக்கிலிருந்த லோவர் ஆர்மை எடுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்தைக் கூட்டோடு பிடித்திருக்கும் தண்டு அது. முறிந்தது இணைப்பில் அல்ல, தண்டின் நடுவில். எடையைக் குறைப்பதற்காக அங்கே ஐந்து துளைகள் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது துளையின் விளிம்பில் தொடங்கிய விரிசல்தான் தண்டை அறுத்திருக்கிறது. துளைகளுக்குள் பெயிண்ட் இல்லை. ஐயா வேலையை முடித்து, பெயிண்டும் அடித்த பிறகு வேறு யாரோ துளைத்திருக்கிறார்கள்.

மகனை அழைத்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எங்கப்பாதான் ட்ரில் பண்ணச் சொன்னாரு. உங்காளு பரமசிவம் வேணாம்னு சொன்னாராம். பழைய கதை எதுக்கு லா? புதுசு ஒண்ணு மாட்டிட்டு அதத் தூக்கிப் போட்டுடு" என்றார். சொல்லிவிட்டு, இறந்தவரின் இருக்கையில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அருவருப்பாக இருக்கிறது.

கண்காட்சியை நடத்தும் அனிதா என்பவரிடம் படங்களோடு போனேன். அவர் அந்த மகனிடம் பேசினார். இப்போது பலகையில் ஐயாவின் பெயர் இல்லை. 'விபத்தில் சிக்கியது' என்று மட்டும் இருக்கிறது. காரைக் கட்டியவர் என்றாவது பெயரைப் போடுங்கள் என்றேன். இடமில்லையாம். வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டேன். அந்தக் காருக்கு மெருகேற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

தூக்கிப் போடச் சொன்ன தண்டை அவரிடமே கேட்டு வாங்கி, வீட்டில் வைத்திருக்கிறேன். துளைகளும் இணைப்பும் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படங்களை இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, ஐயாவுக்குக் கேட்கும் காதுப்பக்கம் உட்கார்ந்து, படங்களை அவர் கையில் கொடுத்து, அவருடைய வெல்டிங் விட்டுப்போகவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். யார் அனுப்பியது என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லுங்கள். அவர் நலத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

உங்கள் தம்பி,
இர்ஃபான்