இருபத்தாறு பேர் போட்ட முழு மார்க்

அன்பு மகளுக்கு சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்கள் நலம் இரட்டிப்பு. போனில் சொல்ல வாய் எழவில்லை, அதனால்தான் கடிதம்.

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தைப் போனில் வாசிக்கச் சுலபமாக்கியிருக்கிறேன், நாலு பேரிடம் காட்டி ஐந்துக்கு எத்தனை என்று மார்க் வாங்கித் தாருங்கள் என்று சோதனைப் பக்கத்தை அனுப்பினாய் அல்லவா. என் மகளுக்கு வெறும் நாலு பேரா? பஸ் டிப்போவின் டயர் பிரிவையே நிறுத்தி வைத்தேன், நான் தொண்டையைச் செருமினால் மேலாளரே எழுந்து நிற்பார். டால்பின் பற்றிய பக்கத்தைக் காட்டி இருபத்தாறு பேரையும் அஞ்சுக்கு அஞ்சு போட வைத்தேன். வெல்டர் மட்டும் மூன்று போடப் பார்த்தான், முறைத்தேன், ஐந்தாக்கினான். அதோடு விட்டேனா, ஒரே நிமிஷத்தில் டால்பினைக் கரைத்துக் குடித்துவிட்டேன் என்று அளந்தேன். அப்படியானால் அது எப்படித் தூங்கும் என்று வெல்டர் மடக்கினான். களஞ்சியத்திலேயே இல்லாததை எவன் சொல்வான், இருப்பதே ஆறு வரி என்றேன். அவனும் பார்த்துவிட்டு அடங்கிப்போனான்.

இந்த வெற்றியை வீட்டில் சொன்னால், உன் சித்தி தையல் மெஷினை நிறுத்தாமலே, பாதி மூளை தூங்கும் பாதி விழித்திருக்கும் என்கிறாள். போனை வாங்கி ஆறு வரிக்குக் கீழே சும்மா கிடந்த தலைப்பைத் தட்டினாள், பத்தி பத்தியாகக் கொட்டியது. அத்தனை தலைப்பும் மூடிய கதவாம். எனக்கு எரிச்சலில் தலை வெடித்தது. கதவென்றால் கதவு மாதிரி இருக்க வேண்டாமா, எறும்புக்கால் பருமனில் சாம்பல் நிறத்தில் ஓர் அம்புக்குறி வைத்தால் கழுகுக்கண் படைத்த எனக்கே தெரியவில்லையே, மற்றவன் கதி என்ன. சித்தியின் பாடு அதைவிட மோசம். முன்பு போனை நூல்பெட்டியில் சாய்த்து, தைத்துக்கொண்டே புறங்கையால் தள்ளித் தள்ளி வாசிப்பாள். அவள் போனிலும் நான் மாற்றி வைத்த உன் புதுப் பக்கத்தில் பத்திக்குப் பத்தி துணியை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும், வேறு பக்கம் போய்த் திரும்பினால் திறந்ததெல்லாம் மறுபடி மூடிக்கொள்கிறது. நாலு நாளாக வாசிப்பையே விட்டுவிட்டாள். உன்னைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடிக்கிறேன் என்று எழுந்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவளை என்ன கேக்கறது? இருபத்தாறு பேரும் வாசலுக்குத்தான் மார்க் போட்டிருக்கீங்க, உள்ள யாரும் போகவே இல்ல. பிள்ளை அதை நம்பிக்கிட்டுப் பெரியவங்க முன்னால போய் நிக்கப்போகுது."

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. களஞ்சியப் பெரியவர்களின் அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த மார்க்கைக் காட்டித்தான் அதை ஊர் உலகத்துக்கே திறந்துவிடப் போவதாகச் சொன்னாய். காட்டாதே மகளே, இருபத்தாறையும் அடித்துவிடு. டிப்போவில் மறுபடி கேட்கிறேன், யாரையும் முறைக்க மாட்டேன். சித்தி இரண்டு போட்டிருக்கிறாள், காரணங்களைத் தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன், அதை முதலில் படி.

நீ தொட்டதெல்லாம் துலங்கும், தைரியமாக இரு, கண்ணை டாக்டரிடம் காட்ட மறக்காதே. முதலில் முழு மார்க் வந்தது எப்படி என்று பெரியவர்கள் கேட்டால், எங்கள் வீட்டில் வாசிக்காமலே மார்க் போடும் ஓர் ஆள் உண்டு என்று என்னைச் சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
அந்த ஆள்,
உன் சித்தப்பா