ஓடிஸுக்காக ஊமையான முகாம்

பிப்ரவரி 19
வெயில் இதமாக இருக்கிறது. பக்கத்து டிரெய்லர் ஆர்லீன் காலையிலேயே ஆப்பிள் பை கொண்டு வந்து கொடுத்தாள். கனடாக்காரி. அவளும் புருஷன் டுவைட்டும் குளிர்காலம் தவறாமல் இந்தப் பாலைவனப் பூங்காவுக்கு வந்துவிடுவார்கள். நான் தனியாக வந்திருப்பது இதுதான் முதல் தடவை. என் புருஷன் லைலுக்கு மணல் ஆகாது. அய்டஹோவில் வீட்டோடு இருந்துகொண்டான். தன் செல்ல நாயை மட்டும் என்னோடு அனுப்பினான், துணைக்காம். ஓடிஸ் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி. யாருக்கு யார் துணை?

பிப்ரவரி 21
ஓடிஸைக் காணோம்.

தண்ணீர் பிடிக்கப் போனபோது டிரெய்லரின் துணிப்பந்தலைச் சுருட்டாமல் போய்விட்டேன். மத்தியானக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே யாருக்குத்தான் தெரியாது? உடனே வந்துவிடலாம் என்று நினைத்தேன் — அறிவு கெட்டவள். பந்தல் பிய்ந்து கூரைமேல் விழுந்த சத்தம் குழாயடிவரை கேட்டது. ஓடிவந்து பார்த்தால் கயிற்றில் வெறும் கழுத்துப்பட்டை.

முகாமே கிளம்பித் தேடியது. ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள், விசில் ஊதினார்கள். "டேய் ஓடிஸ், பேக்கன் கறி வச்சிருக்கேன்டா!" என்று டுவைட் மலைச்சரிவில் நின்று கத்தினார். நாய் கண்ணில் பட்டதாம். இவர் கத்தியதும் இன்னும் வேகமாக ஓடிவிட்டதாம்.

பிப்ரவரி 22
பொழுது சாய்ந்ததும் கயோட்டி நரிகள் ஊளையிட்டன. காதைப் பொத்திக்கொண்டேன். திடீரென்று நிறுத்தின. அது இன்னும் மோசம். ஏன் நிறுத்தின? என்ன கிடைத்தது அவற்றுக்கு?

லைல் போன் செய்தான். "பையன் சாப்பிட்டானா?" ஓடிஸைத்தான் அப்படிச் சொல்வான். சாப்பிட்டான் என்றேன்.

பிப்ரவரி 23
பூங்காக் காவலர் பெண் வந்தாள். "கூப்பிடாதீங்கம்மா. மிரண்ட நாய்க்கு உங்க குரலும் சத்தம்தான். நீங்க போத்துன துணிய வெளிய போடுங்க. எல்லாரும் சும்மா இருங்க, உங்க வாசனை பிடிச்சு அதுவா வரும்."

என் போர்வையைப் படிக்குக் கீழே விரித்துவிட்டு, அவளோடு போய் நுழைவாயிலில் ஓடிஸ் படத்தை ஒட்டினேன். திரும்பி வந்தால் போர்வை கொடியில் காய்கிறது. எலுமிச்சை சோப்பு மணக்கிறது.

"மண்ணுல கெடந்துச்சு கண்ணு. அதான் அலசிப் போட்டேன்" என்றாள் ஆர்லீன்.

கத்திவிட்டேன். "உன்னை யாரு கேட்டா? அவன் வர்ற வழியையே அழிச்சுட்டியே, பாவி!"

அவள் முகம் செத்துப்போயிற்று. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

பிப்ரவரி 24
டிரெய்லருக்குள் இருப்பதெல்லாம் துவைத்து மடித்த துணி. துவைக்காமல் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அதனால் இன்றிலிருந்து வெளியே, தரையில் படுக்கப் போகிறேன். குளிக்கவும் இல்லை. கதவு தாழ் போட்டதா என்று மூன்று தடவை பார்க்கிறவள் நான். கிலுகிலுப்பைப் பாம்பு ஊரும் மண்ணில் எப்படிப் படுப்பது?

"இந்தக் குளிருக்குப் பாம்பு எங்க வருது? அப்படியே வந்தாலும் உன் குறட்டை கேட்டு ஓடிரும்" என்றார் டுவைட். சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர்தான் ஒவ்வொரு டிரெய்லராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாலையில் ஜெனரேட்டர் இல்லை, கிடார் இல்லை, நெருப்பைச் சுற்றி அரட்டை இல்லை. முப்பது டிரெய்லர் ஒரு நாய்க்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆர்லீன் மட்டும் என் பக்கம் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 25
விடிகிற நேரம். காலின் மேல் ஏதோ கனம்.

கண்ணைத் திறக்கவில்லை. நரியாக இருந்தால்? மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கனம் மெல்ல மேலே ஏறியது. ஈர மூக்கு தாடையில் பட்டது. பிறகு நாக்கு.

கத்தாமல் அவன் பிடரியைப் பிடித்தேன். எதிரே ஆர்லீன் தன் வாசலில், இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணீர் விரல் வழியே ஓடியது. அவள் ஓடிவந்துவிடாதபடி டுவைட் நைட்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

லைலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாதத்தப் பாத்தியா? கள்ளிமுள் இருக்கும்" என்றான். இருந்தது.

பிப்ரவரி 28
ஓடிஸ் டிரெய்லருக்குள் வர மாட்டேன் என்கிறான். படியில் கால் வைத்தாலே உடம்பு உதறுகிறது. அவனை விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே படுக்கவா? மறுபடி தரைதான். பயம் ஒன்றும் போகவில்லை. பக்கத்தில் சருகு அசைந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

இருட்டுவதற்குள் ஆர்லீன் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஓடிஸுக்கு அந்தப் பக்கம் விரித்தாள்.

"எனக்கும் பயந்தான்" என்றாள். "கொஞ்சம் தள்ளிப் படு."