பின்பலகையை அறுத்தவள்

என்னங்க,

சரசுதான். வீட்டில் உங்களை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் திதி முடிந்தது. படையலுக்கு முன்னால் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நம் கலா கவனித்துவிட்டாள். "சொல்ல முடியலன்னா எழுதுங்கம்மா. அப்பாவுக்குக் கடுதாசி மாரி எழுதுங்க. நல்லா வந்தா ஞாயிறு பேப்பருக்கு அனுப்புறேன்" என்றாள். ஊரார் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

படகின் பின்பலகையை, எஞ்சின் மாட்டுகிற அந்தப் பலகையை, அறுத்து எடுத்துவிட்டேன். நீங்கள் கட்டி முடித்து, காய வைத்து, தட்டிப் பார்த்துச் சிரித்தீர்களே, அதை.

எங்கிருந்து தொடங்குவது? சித்தியவான் பக்கம் நாம் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது, அதன் துரை விட்டுப்போன பைபர் படகு ஸ்டோருக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட வந்த புது முதலாளி, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று உங்களிடம் சொன்னார். லயத்து வீட்டிலிருந்து நாம் ஈப்போவுக்கு வந்தபோது சட்டி பானை, கட்டில், கோழிக்கூடு எல்லாவற்றுக்கும் மேலே அது லாரியில் ஏறியது. புந்தோங்கில் இறங்கியதும் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஈப்போவில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நீங்கள் அதற்கு ஜிங் தகரத்தில் கொட்டகை போட ஆரம்பித்தீர்கள்.

வொர்க்‌ஷாப் வேலை முடிந்து வந்து, காப்பி குடித்த கையோடு அதன்மேல் ஏறிவிடுவீர்கள். விரிசலை அடைத்தீர்கள், ஓட்டையை ஒட்டினீர்கள். உங்கள் சட்டையில் இருக்கும் பைபர் தூசி, சேர்த்துத் துவைத்த என் சேலையிலும் ஏறி உடம்பெல்லாம் அரிக்கும். நான் கத்துவேன். பைபர் ஒட்டுகிற ரெசின் காய்ந்து ஒட்டிப்போன விரல்களைப் பிள்ளை மாதிரி என்னிடம் நீட்டுவீர்கள். தின்னர் நனைத்த துணியால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிடுவேன். திட்டிக்கொண்டேதான் தேய்ப்பேன்.

அப்புறம் ஒரு நாள் வொர்க்‌ஷாப்பில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

படகு கொட்டகையிலேயே கிடந்தது. அதன் விளிம்பில் நான் துணி காயப்போட்டேன். அதுவே எனக்குப் பெரிய பாவமாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து உங்கள் தம்பி மணியம் வந்தான். தோட்டத்தில் அவனுக்கு வேலை இல்லை என்றாகி, இப்போது ஆற்றுமுகத்தில் இன்னொருவர் படகில் மீன் பிடிக்கப் போகிறான். "அண்ணி, அண்ணன் படக எனக்குத் தருவீங்களா? சொந்தமா ஒன்னு இருந்தா பொழச்சிக்குவேன்" என்றான்.

"எடுத்துக்க தம்பி. பெயிண்ட் மட்டுந்தான் பாக்கி. நானே அடிச்சி வக்கிறேன்" என்று சொன்னேன்.

பெயிண்ட் மட்டும்தான் பாக்கி என்றுதானே நீங்களும் சொல்லியிருந்தீர்கள்?

பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்ததும் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். பின்பக்கம் வந்தபோது, எஞ்சினுக்காக நீங்கள் துளைத்து வைத்திருந்த ஓட்டையிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் நீர் கசிந்தது. துடைத்தேன். மறுநாளும் கசிந்தது. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். முன்பக்கம் டக் டக் என்றது. பின்பக்கம் பொத்தென்றது.

மெங்களம்புவில் பைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் சீன முதலாளி, ஆ சோங் தவுக்கேயை அழைத்து வந்தேன். அவர் சின்னதாக ஒரு ஓட்டை போட்டார். பொடி வரவில்லை. ஈரக் களி வந்தது. அதை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்து, "பூசோக் லா அக்கா, காயு சூடா ஹாபிஸ்" என்றார் மலாயில். அழுகிவிட்டது, மரமே இல்லை. எனக்கு அப்போதுதான் தெரிந்தது, வெளியே பைபராகத் தெரியும் அந்தப் பின்பலகைக்கு உள்ளே இருப்பது பிளைவுட் என்று. பழைய மரத்தை எடுக்காமல் அதன்மேலேயே புது பைபர் போட்டிருக்கிறது என்று அவர் காட்டினார். எஞ்சினை மாட்டி வேகம் எடுத்தால் பின்பக்கமே பிய்ந்துவிடும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

பிறகு கேட்டார், இந்த வேலையை யார் செய்தது என்று.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உங்கள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றா? இல்லை, அந்த மனுஷர் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் போன பிறகு படகின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உங்களைத் தெரியாது என்று சொன்ன வாயில் அன்று சோறு இறங்கவில்லை.

இதற்குள் மணியம் பழைய எஞ்சின் ஒன்று பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினான். பேசாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. உண்மையைத்தான் சொல்கிறேன். உங்கள் வேலை அப்படியே இருக்கும், எனக்கும் பழி இல்லை. ஆனால் அதில் ஏறப்போவது மணியம் மட்டுமா? அவன் பிள்ளைகளும்தானே?

ஒரு சனிக்கிழமை வெயில் நன்றாக ஏறிய பிறகு அறுக்க ஆரம்பித்தேன். உள்பக்கத் தோலை மட்டும் எடுக்க வேண்டும், வெளித்தோலில் கீறல் விழக்கூடாது என்று தவுக்கே சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பால்மரம் வெட்டியவள் நான். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது என்பது கைக்குத் தெரியும். கை போனபடி விட்டேன்.

வலது மூலையில் உங்கள் கைத்தடம் இருந்தது. கடைசித் துண்டை உறை இல்லாமல் வெறும் கையால் அழுத்தியிருக்கிறீர்கள். கட்டைவிரலின் ரேகைகூடத் தெரிந்தது. அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அதை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சுற்றி மெதுவாக அறுத்தேன். உள்ளே பிடிப்பு இல்லை. நெம்பியபோது குறுக்கே பிளந்து சிதறிவிட்டது. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன், சேரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மணியம் வந்தான். கையில் மீன் பை. கொட்டகைக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு அண்ணி இத வெட்டுனது?"

"நாந்தான்."

"அண்ணன் செஞ்ச வேலை லா இது! எப்படி அண்ணி ஒங்களுக்கு மனசு வந்துச்சு? அண்ணன் கை பட்டதுன்னு இது ஒன்னுதான் இருந்துச்சு. பெயிண்ட் அடிக்கிறேன்னு சொல்லிட்டு இப்படிச் செஞ்சி வச்சிருக்கீங்க!"

"மரம் அழுகிப்போச்சு மணியம்."

"அண்ணன் செஞ்சது அழுகாது!"

நான் நகர்ந்து நின்றேன். அவன் குனிந்து உள்ளே விரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போனது. கறுப்பாகத் தண்ணீர் வடிந்து அவன் மணிக்கட்டு வரைக்கும் ஒழுகியது. கையை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மீன் பையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். உங்களை எரித்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. அவன் மனசில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில்தான் நான் கை வைத்துவிட்டேன்.

அழுது முடித்து, "என் புள்ளைங்கள இதுல ஏத்தியிருப்பேன் அண்ணி" என்றான். மீனை மட்டும் வைத்துவிட்டுப் போனான்.

புதுப் பலகைக்கு ரெசின் வாங்கப் போனபோது ஆ சோங்கிடம் உண்மையைச் சொன்னேன். அன்று தெரியாது என்றது பொய், செய்தவர் என் வீட்டுக்காரர் என்றேன். "தாவு லா" என்றார் சாவகாசமாக. தெரியுமாம். நீங்களும் அவரிடம்தான் ரெசின் வாங்கியிருக்கிறீர்கள். பழைய மரத்தை மாற்று என்று அவர் அப்போதே சொன்னாராம். நீங்கள் சிரித்தீர்களாம்.

என்ன சிரிப்புங்க அது? பார்த்துக்கொள்ளலாம் என்ற சிரிப்பா? தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல முடியாத சிரிப்பா? மழைக்காலத்தில் ஓட்டையைக் காட்டி, "காஞ்சிருச்சு, காஞ்சிருச்சு" என்று என்னிடம் சொன்னீர்களே, அப்போதே தெரியுமா? அன்று பஸ்ஸில் வரும்போது, தப்பு உங்கள் பேரிலும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்ததும் மனசு லேசானது. லேசாக்கிக்கொள்ள உங்களையா பிடித்தேன் என்று வீடு வருவதற்குள் திரும்பவும் பாரம் ஏறிவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்லவே வாய் வராதது.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சுரண்டிச் சுத்தம் செய்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். மழை வந்தால் கேண்டீனில் கை ஓடாது. வீட்டுக்கு ஓடிவந்து கேன்வஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். நல்ல பிளைவுட் பலகையை இரட்டையாக ஒட்டி, அளவாக வெட்டிப் பொருத்தினேன். முதல் தடவை ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். பால் டின்னுக்குள் ரெசின் கொதித்துப் புகைய ஆரம்பித்தது. கலா அலற, நான் டின்னைக் குறட்டால் பிடித்து ஓடிப்போய்க் காலி நிலத்தில் எறிந்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீங்கள் இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

அதற்குப் பிறகு அளவு தெரிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கும் முன்னால் கொட்டகைக்குப் போய், முந்தின நாள் போட்டது இறுகிவிட்டதா என்று தட்டிப் பார்ப்பேன். டக் என்று கேட்டால் அன்றைக்கு முழுவதும் சந்தோஷம். நீங்கள் இருந்தபோது இந்தப் படகை என் சக்களத்தி என்று சொன்னவள் நான். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் ஒரு கை பிடிக்க வராதவள். உங்களோடு சேர்ந்து செய்ய வேண்டியதை, உங்களை அனுப்பிவிட்டுத் தனியாக ரசித்துச் செய்தேன்.

மணியம் நண்பரின் லாரியோடு வந்து படகை ஏற்றிப்போனான். நானும் கலாவும் கூடவே போனோம். ஆற்றுமுகத்துக் கம்போங்கில், படகுத்துறையில் தண்ணீரில் இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எஞ்சினை மாட்டினார்கள். அங்கிருந்த மலாய்க்கார மீனவர் ஒருவர் பின்பலகையைக் கையால் ஓங்கி அடித்துப் பார்த்து, "கூவாட்!" என்றார். நல்ல உறுதி.

மணியம் நெஞ்சை நிமிர்த்தி, "அபாங் சாயா பூனியா கெர்ஜா" என்றான். என் அண்ணன் வேலை.

என் கண்ணெதிரே, அந்தப் பலகையைத் தொட்டுக்கொண்டு.

எனக்கு எரிந்தது. செத்துப்போன புருஷன்மேல் ஒருத்திக்குப் பொறாமை வருமா? வந்தது. 'இல்லை, அது நான் செஞ்சது' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். கலா என் கையை அழுத்தினாள்.

படகில் ஏறினேன். ஆறு கடலில் விழும் இடத்தில் மணியம் வேகத்தைக் கூட்டினான். எல்லாரும் முன்னால் பார்த்தார்கள். நான் மட்டும் திரும்பி உட்கார்ந்து பின்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் உதறியது, அலை அடித்தது. பலகை அசையவில்லை. அந்த நேரத்தில் உங்களை நினைத்து அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. நான் செய்தது நிற்கிறது என்றுதான் நினைத்தேன். உங்கள் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அதைத்தான் படத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

கரைக்கு வந்து கயிறு கட்டும்போது மணியம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "நான் அப்படிச் சொன்னது தப்பா அண்ணி?"

"இல்லப்பா" என்றேன். அதுவும் பொய்.

"தப்புத்தான்" என்றான் அவன். "ஆனா அண்ணன் செஞ்சதுன்னு ஒரு தடவயாச்சும் சொல்லிப் பாக்கணும்போல இருந்துச்சு."

அவனை என்னால் கோபிக்க முடியவில்லை. உங்களையும் முடியவில்லை. கோபித்துக்கொள்ள இன்னும் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான்.

உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் துறையில் இனி யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன். குப்புறக் கிடந்ததைத் தூக்கி வந்தவர், விரிசல் அடைத்தவர், ஊர் சிரித்தபோதும் விடாமல் பிடித்து நின்றவர் என் வீட்டுக்காரர் என்று சொல்வேன். பின்பலகை மட்டும் நான் வைத்தது என்று அதே மூச்சில் சொல்வேன். உங்கள் பங்கில் விரல் அளவுகூட எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பங்கையும் இனி யாருக்கும் விட்டுத்தர மாட்டேன், உங்களுக்குக்கூட.

உங்கள் வீட்டுக்காரி,
சரசு